வகுப்பு கையை விட்டுப் போகும்போது முதலில் எங்கே பார்ப்பது

தாழங்குடாவிலோ அட்டாளைச்சேனையிலோ கல்வியியற் கல்லூரியை முடித்துவிட்டுப் புதிதாக வரும் ஆசிரியர்கள், முதலாம் தவணை முடிவதற்குள் ஏறக்குறைய ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "சேர், இடைவேளைக்குப் பிறகு வகுப்பு என்ட கையில இல்ல." முதலில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் பிறகு கிழக்கே எழுவான்கரையிலுமாகக் கணிதம் படிப்பித்த வருடங்களில் இந்தப் பழுதுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்திருக்கிறேன். எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்று ஓர் ஒழுங்கு கைவந்திருக்கிறது. 6ஆம் தரம் முதல் 11ஆம் தரம் வரையான வகுப்புகளுக்காக அதை எழுதுகிறேன்.

செலவில்லாததில் இருந்து தொடங்குங்கள். முதலில் இடம், பிறகு உடம்பு, பிறகு கொப்பி, பிறகு நம்முடைய பாடம். வீட்டை அதற்குப் பிறகுதான் தொட வேண்டும். பெற்றோரைக் கூப்பிடுவதை நம்மில் பலர் முதல் வேலையாகச் செய்துவிடுகிறோம். நானும் செய்தேன். பின்வாங்கில் இருந்து கதைத்துக்கொண்டே இருந்த ஒரு மகனுக்காக அவனுடைய வாப்பாவை இரண்டு தடவை வரச்சொன்னேன். அறுவடைக் காலம். இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து, தலைகுனிந்து நின்றுவிட்டுப் போனார். மூன்றாவது கிழமைதான் அந்தப் பிள்ளைக்குக் கரும்பலகை தெரியவில்லை என்பதைக் கண்டுபிடித்தேன். பக்கத்தில் இருப்பவனிடம் "என்ன எழுதிக் கிடக்கு?" என்று கேட்டுத்தான் இத்தனை நாளும் எழுதியிருக்கிறான். அந்த மனிதரின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பிரம்பு இந்த ஒழுங்கில் எங்கேயும் வராது. 2005ஆம் ஆண்டிலேயே கல்வி அமைச்சின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடுத்துவிட்டது. அடிக்குப் பயந்த பிள்ளை பழுதை மறைத்துவிடும். மறைத்துவிட்டால் நமக்குச் சரிசெய்ய ஒன்றும் கிடைக்காது.

அறிகுறி: வகுப்பு சோர்ந்து கிடக்கிறது

முழு வகுப்புமா, இரண்டு மூன்று பேரா? இதைத் தீர்மானிக்காமல் அடுத்த அடி வைக்க வேண்டாம்.

*முழு வகுப்பும் என்றால்*

கடைசி வாங்கில் போய் ஐந்து நிமிடம் இருந்து பாருங்கள். பாடம் நடக்கிற நேரத்திலேயே, பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு இருங்கள். மே மாதம் முதல் ஆகஸ்ட் வரை கச்சான் காற்று வீசுகிற நாட்களில், தகரமோ சீற்றோ போட்ட கூரைக்குக் கீழே பதினொரு மணிக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பது கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்குத் தெரியாது. வெயில் எந்த யன்னலால் அடிக்கிறது, எந்த வரிசைக்குக் காற்றே போகவில்லை என்று பாருங்கள். வாங்குகளை ஒரு முழம் தள்ளிப் போட்டதிலேயே சரியான வகுப்புகள் உண்டு. முற்றத்தில் வேம்போ மாமரமோ இருந்தால் கடைசிப் பாடவேளையை அங்கே கொண்டுபோங்கள். தண்ணீர்ப் போத்தலை நிரப்ப எல்லோரையும் ஒரு தடவை விடுங்கள். நாற்பது நிமிடத்தில் மூன்று நிமிடம் போகும், மீதி முப்பத்தேழும் கிடைக்கும்.

அது போதாவிட்டால் உட்கார வைத்துத் தொடங்காதீர்கள். நான்கு சுவரிலும் நான்கு கணக்கை ஒட்டி, பிள்ளைகளை நாலு நாலு பேராக எழும்பிப் போய்ச் செய்ய விடுங்கள். சத்தம் வரும். சத்தம் வந்தால் விழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் நேரசூசியைப் பாருங்கள். காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடிகிற நாளில், கணிதமோ விஞ்ஞானமோ கிழமையில் மூன்று நாள் கடைசிப் பாடவேளையில் விழுந்திருந்தால் அது பிள்ளையின் குறை இல்லை. பகுதித் தலைவரிடம் கதைத்து ஒரு நாளையாவது மாற்றுங்கள். நேரசூசி போடுகிறவருக்கு இது சிரமமான வேலை. ஆகவே மாற்றிக்கொள்ளச் சம்மதிக்கும் ஆசிரியரை முதலில் நீங்களே பிடித்துவிட்டு அவரிடம் போங்கள்.

ஊர் நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கிற கிழமையில் கோயிலில் விழித்திருந்த பிள்ளைகள் அடுத்த நாள் வகுப்பில் விழுந்து விழுந்து தூங்கும். நோன்பு மாதத்தில் சஹருக்கு எழும்பிய பிள்ளைக்கு நண்பகல் பாடவேளை மலை ஏறுவதுபோல. இந்த நாட்களில் புதிய அலகைத் தொடங்குவதை நான் விட்டுவிட்டேன். மீட்டலும் விளையாட்டும் அப்போது, பாரமான பகுதி அடுத்த கிழமை.

*இரண்டு மூன்று பேர் என்றால்*

தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். "சாப்பிட்டியா?" என்று கேட்டால் சாப்பிடாத பிள்ளையும் "ஓம்" என்றுதான் சொல்லும். "காலையில எத்தனை மணிக்குச் சாப்பிட்ட மனே?" என்று கேளுங்கள். நேரத்தைச் சொல்ல முடியாமல் தயங்கினால் விடை கிடைத்துவிட்டது. அடுத்த கேள்வி நித்திரை. வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கத்துக் கிராமங்களில் யானை வந்த இரவென்றால் வீட்டில் ஒருவரும் படுத்திருக்கமாட்டார்கள். அந்தப் பிள்ளையை அன்றைக்கு ஒரு பாடவேளை தலைசாய்க்க விடுவதில் குற்றமில்லை. போனில் விடியும்வரை விளையாடுகிற பிள்ளை வேறு. அதற்குப் பெற்றோரோடு கதைக்க வேண்டும்.

சாப்பிடுகிறது, நித்திரையும் கொள்கிறது, ஆனாலும் வெளிறிப்போய்ச் சோர்ந்தே இருக்கிறது என்றால் இனி அது நம்முடைய வேலை இல்லை. அதிபர் மூலம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவியுங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனை வரும்வரை காத்திருக்க வேண்டாம். அது வழமையாக 1, 4, 7, 10ஆம் தரங்களில்தான் நடக்கும். எட்டில் படிக்கிற பிள்ளை இரண்டு வருடம் காத்திருக்க நேரும்.

அறிகுறி: "விளங்குதா?" "ஓம் சேர்." கொப்பியில் ஒன்றும் இல்லை

என்னிடம் வருகிற கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான்.

முதல் வேலை, "விளங்குதா?" என்று கேட்பதை நிறுத்துவது. நாற்பது பேருக்கு நடுவில் "இல்லை" என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் துணிவு வராது. அதற்குப் பதிலாக ஒரு சின்னக் கணக்கைக் கொடுத்து, எல்லோரையும் விடையை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதச் சொல்லுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்றதும் ஒரேநேரத்தில் தூக்கிக் காட்டட்டும். பழைய கொப்பியின் வெற்றுப் பக்கங்கள் போதும். வெள்ளைத் தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொடுத்தால் எழுதி அழிக்கவும் முடியும். ஒரே பார்வையில் வகுப்பின் நிலை தெரிந்துவிடும். இனி வழி இரண்டாகப் பிரிகிறது.

*பாதிப்பேருக்கு மேல் பிழை*

பழுது விளக்கத்தில் இருக்கிறது. அதே விளக்கத்தை இன்னும் உரத்த குரலில் சொல்லாதீர்கள். சரியாகச் செய்த ஒரு பிள்ளையைப் பக்கத்துப் பிள்ளைக்கு விளங்கப்படுத்தச் சொல்லிவிட்டு அருகில் நின்று கேளுங்கள். நாம் எந்தச் சொல்லில் தடுக்கி விழுந்தோம் என்பது அந்தப் பேச்சில் தெரியும்.

*ஆறேழு பேர் மட்டும் பிழை*

முதலில் நீங்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுத்திருந்தார்கள். மூன்று விநாடி பொறுத்த வகுப்புகளில் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். கேள்வி கேட்டதும் மனதுக்குள் நிதானமாக ஐந்து எண்ணுங்கள். முதல் கிழமை அந்த மௌனம் நமக்கே தாங்காது.

அடுத்து, யாரைக் கேட்கிறீர்கள்? இருக்கை வரைபடம் ஒன்றைக் கீறி, கேள்வி கேட்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளையின் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். நான் வைத்துப் பார்த்த முதல் நாள் முன்வரிசையிலும் நடு வழியின் இரண்டு பக்கத்திலும் மட்டும்தான் புள்ளிகள் இருந்தன. இப்போது பெயர் எழுதிய ஐஸ்பழக் குச்சிகளை ஒரு டின்னில் போட்டு வைத்து, எடுத்துக் கேட்கிறேன். இழுத்த குச்சியை மறுபடி டின்னிலேயே போடுங்கள், இல்லாவிட்டால் "எனக்கு முடிஞ்சிட்டு" என்று அந்தப் பிள்ளை கையைக் கட்டிவிடும்.

அதன்பிறகும் நகராத பிள்ளைகளுக்குப் பழுது இந்த வருடப் பாடத்தில் இருக்காது. இரண்டு தரம் கீழேயுள்ள பாடத்துக்கு இறங்குங்கள். நான் ஐந்தே கணக்கு கொடுப்பேன்: ஒரு பெருக்கல், கடன் வாங்கிக் கழிப்பது ஒன்று, ஒரு பின்னம், திசைகொண்ட எண்களில் (நேர், மறை எண்களில்) ஒன்று, ஒரு வசனக் கணக்கு. எதில் நிற்கிறதோ அங்கேதான் தொடங்க வேண்டும். அட்சரகணிதம் விளங்கவில்லை என்று வந்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் திசைகொண்ட எண்களில்தான் ஓட்டை இருந்தது. பத்து நாள் பத்து நிமிடம் ஒதுக்கினால் அடைபடும்.

பின்னத்தில் நிற்கிற பிள்ளைக்கு ஒன்று சொல்கிறேன். கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் ஒரு மகன், கொப்பியில் இரண்டரையை மூன்றேகாலால் பெருக்கச் சொன்னால் பேனையைக் கீழே வைத்துவிடுவான். ஒருநாள் வேறுமாதிரிக் கேட்டேன்: "ஏக்கருக்கு இரண்டரை புசல் விதைநெல். மூன்றேகால் ஏக்கருக்கு எவ்வளவு கொண்டுபோகணும்?" மேலே பார்த்தான். "எட்டு புசல், கொஞ்சம் கூட வேணும் சேர்." எப்படி என்றேன். "மூன்று ஏக்கருக்கு ஏழரை. காலுக்கு அரைக்கு மேல." மிச்சம் அரைக்கால்தான். பின்னம் அவன் தலைக்குள் முழுதாக இருந்தது, கொப்பிக்கு வருகிற பாதை மட்டும் இருக்கவில்லை. அந்தப் பாதையைப் போட ஒரு மாதம் எடுத்தது. கடற்கரைப் பள்ளிக்கூடமென்றால் மீன் நிறுவையைக் கேளுங்கள். மருதமுனையில் என்றால் தறியும் நூலும் இருக்கிறது.

வசனக் கணக்கில் மட்டும் நிற்கிற பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், தனியாக. எழுத்துக் கூட்டி வாசித்தால் பழுது கணிதத்தில் இல்லை. தமிழ் ஆசிரியரோடு சேர்ந்து நாளுக்குக் கால்மணி நேரம் வாசிக்க வையுங்கள், 6ஆம் தரப் புத்தகத்தில் தொடங்காமல் பிள்ளை தடக்காமல் வாசிக்கிற தரத்துப் புத்தகத்தில் தொடங்குங்கள். வாயால் கெட்டித்தனமாகக் கதைக்கும் பிள்ளை, ஒரு தவணை இப்படிச் செய்தும் எழுத்து ஏறாமல் நின்றால் அத்தோடு நிறுத்திவிட்டு உதவி கேளுங்கள். வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரிடம் அதிபர் மூலம் அனுப்ப வேண்டும். "மக்கு" என்ற சொல் அதற்குள் அந்தப் பிள்ளையின் காதில் எத்தனை தடவை விழுந்திருக்குமோ. நம் வகுப்பில் அது ஒருதரமும் விழக்கூடாது.

அறிகுறி: பின்வாங்கில் ஓயாத கதை

கரும்பலகை தெரிகிறதா? பள்ளிக்கூடம் விட்ட பிறகு பின்வாங்கில் இருந்து உங்கள் எழுத்தை நீங்களே வாசித்துப் பாருங்கள். வெயில் பட்டுப் பலகை பளபளக்கிற இடத்தில் எழுத்தே மறையும். பிறகு சந்தேகமுள்ள பிள்ளையை அதன் இடத்தில் இருந்தே பலகையை வாசிக்கச் சொல்லுங்கள். கண்ணை இடுக்கினால், முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்தால், அன்றைக்கே முன்வரிசைக்கு மாற்றுங்கள். வீட்டுக்குச் சொல்லி, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ கல்முனையிலோ கண்ணைக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடிக்குக் காசில்லை என்றால் பழைய மாணவர் சங்கத்திடம் கேட்க வெட்கப்படாதீர்கள்.

காது கேட்கிறதா? பிள்ளையின் பின்னால் நின்று சாதாரணக் குரலில் பெயரைச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் கிறுகிப் பார்த்தால் மற்றக் காதை வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது? அரைச்சுவர் மண்டபங்களில் பக்கத்து வகுப்பு கூட்டாக வாசித்தால் நம் பின்வரிசைக்கு நம் குரல் போகாது. பக்கத்து ஆசிரியரோடு கதைத்து, அவர் வாசிப்பிக்கும் நேரத்தில் நீங்கள் எழுத்துவேலை கொடுங்கள்.

கண், காது, இடம் எல்லாம் சரி என்றால், கொடுத்த வேலை முடிந்துவிட்டதா என்று கொப்பியைப் பாருங்கள். கதைக்கிற பிள்ளைகளில் கால்வாசி முடித்துவிட்டுச் சும்மா இருப்பவர்கள். பலகையின் ஒரு மூலையில் "முடித்தவர்களுக்கு" என்று ஒரு கஷ்டமான கணக்கை எப்போதும் எழுதி வையுங்கள். நண்பர்களைப் பிரித்து இருத்துவது கடைசி. பிரித்தால் கதை வகுப்பைக் குறுக்கே கடந்து போகும்.

அறிகுறி: அழகான கொப்பி, வெறும் தலை

பார்த்து எழுதுவதில் வகுப்பு பழகிவிட்டது. அமைதியாக இருப்பதால் இதை யாரும் பழுதாகக் கணிப்பதில்லை, ஆனால் தவணைப் பரீட்சையில் தெரிந்துவிடும். விளக்கும் பத்து நிமிடத்துக்குப் பேனையை மூடி வைக்கச் சொல்லுங்கள். பலகையில் வேண்டுமென்றே ஒரு பிழையை எழுதி, "இதில் ஒரு பிழை இருக்கிறது" என்று சொல்லிவிட்டுத் தேட விடுங்கள்.

அறிகுறி: "ரியூசன்ல படிச்சிட்டம் சேர்"

10, 11ஆம் தரங்களில் வரும். ரியூசன் ஆசிரியரைக் குறைத்துப் பேசாதீர்கள், பிள்ளை இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். விடையைக் கொடுத்துக் கேள்வியை உருவாக்கச் சொல்லுங்கள். "x = 4 என்று வருகிற வசனக் கணக்கு ஒன்றை உங்கட ஊர்க் கடையை வைத்து எழுதுங்க." படித்தவர்கள் எழுதிவிடுவார்கள், அவர்களை மற்றவர்களுக்கு உதவ விடலாம். எழுதமுடியாதவர்களுக்குச் செய்முறை மட்டும் மனப்பாடமாகியிருக்கிறது, பாடத்தை வழமைபோல நடத்துங்கள். மூன்று மணிக்குத் தொடங்கி இருட்டும்வரை மூன்று இடத்துக்கு ஓடுகிற பிள்ளை என்றால் பெற்றோரைக் கூப்பிட்டு, ஒன்றைக் குறைக்கச் சொல்லுங்கள். சாதாரண தரப் பரீட்சை என்ற பயத்தில் சேர்த்திருப்பார்கள், மெதுவாகச் சொல்ல வேண்டும்.

அறிகுறி: நேற்றுவரை நன்றாக இருந்த பிள்ளை, இன்றைக்கு இல்லை

மேலே சொன்ன ஒழுங்கு இதற்குப் பொருந்தாது. கணக்குக் கொடுத்துச் சோதிக்க வேண்டாம். எல்லோருக்கும் தெரிகிற, ஆனால் யாருக்கும் கேட்காத இடத்தில், மரத்தடியிலோ விறாந்தையிலோ இருந்து கதையுங்கள். "கொஞ்ச நாளா நீ அமைதியா இருக்காய் மகள், நான் கவனிச்சன்" என்பது போதும். பதில் அன்றைக்கே வராது. உம்மாவோ அம்மாவோ வெளிநாடு போயிருக்கலாம், வீட்டில் கடன்காரர் வந்து நின்றிருக்கலாம், தகப்பன் குடித்துவிட்டு வரலாம். "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உனக்கு உதவக்கூடிய ஆளுக்கு மட்டும் சொல்வன்" என்று சொல்லுங்கள்.

காயம், அடிபட்ட தழும்பு, வீட்டுக்குப் போகப் பயம், ஒருவரின் பெயரைக் கேட்டால் நடுக்கம் இவற்றில் ஒன்றாவது தெரிந்தால் விசாரணையை நீங்கள் செய்ய வேண்டாம். அதிபருக்கும் பிரதேச செயலகத்தின் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தருக்கும் அன்றைக்கே அறிவியுங்கள். 1929 சிறுவர் உதவி இலக்கம். சாவைப் பற்றிப் பிள்ளை பேசினால், எழுதினால், விளையாட்டாகச் சொன்னாலும், தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பொறுப்பான பெரியவர் கையில் ஒப்படைத்து, வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். 1926 உளநல உதவி இலக்கம்.

அறிகுறி: கிழமையில் இரண்டு நாள் வராத பிள்ளை

வந்த நாளிலும் மனம் வகுப்பில் இருக்காது, ஏனென்றால் பாடம் ஓடிவிட்டது. வரவு இடாப்பை எடுத்து வராத நாட்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். திங்களும் வெள்ளியும் என்றால் ஒரு காரணம், சந்தை நாள் என்றால் இன்னொன்று, சூடடிக்கிற காலம் மட்டும் என்றால் வேறொன்று. மாரி மழையில் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்கிற நாட்களுக்குப் பிள்ளையைக் கேள்வி கேட்காதீர்கள். தம்பி தங்கையைப் பார்க்க நிற்கிற பெண்பிள்ளை என்றால் பெரும்பாலும் உம்மம்மாவிடமோ அம்மம்மாவிடமோதான் கதைக்க வேண்டியிருக்கும். கடிதம் அனுப்பாமல் நேரில் போங்கள்.

இரண்டு கிழமைக்கு மேல் தொடர்ந்து வராவிட்டால் கிராம உத்தியோகத்தருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் அதிபர் மூலம் போக வேண்டும். 5 வயது முதல் 16 வரை பள்ளிக்கூடம் கட்டாயம் என்பதால் அவர்களுக்கு இதில் கடமை இருக்கிறது.

பிள்ளை திரும்பி வருகிற நாளுக்கு ஆயத்தமாக இருங்கள். அதன் இடத்தில் வேறு பிள்ளையை இருத்த வேண்டாம். "எங்க போன இத்தனை நாளும்?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்க வேண்டாம். தவறவிட்ட பாடங்களில் அவசியமான இரண்டை மட்டும் ஒரு துண்டில் எழுதி, பக்கத்தில் இருக்கும் கெட்டிக்காரப் பிள்ளையின் கொப்பிக்குள் வைத்துவிடுங்கள். அன்றைய முதல் கேள்வியை, அந்தப் பிள்ளைக்கு விடை தெரியும் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை, அதனிடமே கேளுங்கள்.